பட்டினிக் குடுவை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் குருவம்மாள் அக்கா. என் சின்னவன் பத்தாவது படித்த வருஷம், தை மாதம். பழனிக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, என் கால் கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

அப்போது என் பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். நான் திரும்பி வரும்வரை என்ன சாப்பிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். இப்போது அவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், அந்த நினைப்புக்கு வேலை இல்லை. அக்காவும் முருகன் காலடிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

*

"அம்மா, இது எப்போ மண்ணாகும்?"

கேட்டவர் நாச்சியப்பன். அவர் கையில் ஒரு பிடி குளத்துச் சேறு. சேற்றுக்குள் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

அவர் கேட்டது தவமணி அம்மாவிடம். பழனி சாலையில் கஞ்சி மடத்தை நடத்துகிறவர். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அம்மா சேற்றைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா."

"கஞ்சி ஆறுது."

அந்த மடத்தில், பசியோடு வந்தவரிடம் வேறு பேச்சு பேசுகிற வழக்கமில்லை. நாச்சியப்பன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

*

நாச்சியப்பன் தேவகோட்டையில் கடை வைத்திருந்தவர். மனைவி உமையாள் இருந்தவரை, தை பிறந்தால் இருவரும் மடத்துக்கு வந்துவிடுவார்கள்.

வாசலில் பெரிய பித்தளை அண்டா. அது நிறைய நீர்மோர். வெயிலில் நடந்து வருகிற அத்தனை பேருக்கும் உமையாள்தான் ஊற்றிக் கொடுப்பார். குடித்துவிட்டு வைக்கிற டம்ளரை அவரே புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்த மோரில் பெருங்காயம் தூக்கலாக இருக்கும். போன வருஷம் குடித்த மோர் இன்னும் நாக்கில் இருக்கிறது ஆச்சி என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் உண்டு.

உமையாள் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த தையில் நாச்சியப்பன் தனியாக வந்தார். அண்டாவைப் பார்த்தார். டம்ளர்களைப் பார்த்தார். முழங்கால் வலி, உட்கார்ந்து கழுவ முடியாது என்று எல்லோரிடமும் சொன்னார். லாரி நிறையத் தண்ணீர் பாக்கெட் வரவழைத்தார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் நீல எழுத்தில், உமையாள் நினைவாக.

வருஷா வருஷம் கொடுத்தார். நடந்து வந்தவர்கள் பல்லால் கடித்துத் திறந்தார்கள், குடித்தார்கள், வாழ்த்தினார்கள், எறிந்தார்கள். காற்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய் மடத்துக் குளத்தில் போட்டது. வெயில் காய்ச்சியது. காய்ந்தது நொறுங்கியது. நொறுங்கினது பொடியாகிச் சேற்றோடு கலந்தது.

கலந்தது. ஆனால் சேறாகவில்லை.

ஒரு வருஷம் குளத்தில் கால் கழுவ இறங்கினார் நாச்சியப்பன். குதிகாலில் ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தார்.

"உமை" என்று இருந்தது.

அத்தோடு பாக்கெட்டை நிறுத்தினார். கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு மடத்திலேயே தங்கிவிட்டார். கோயில் குளம் என்று எங்கேயும் போகவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தான் போட்டதில் ஒரு துண்டாவது மண்ணாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் செத்தால், அங்கே போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

*

கஞ்சி குடித்து முடித்ததும் அம்மா சொன்னார்.

"குளத்துல இறங்கி ஒரே ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க."

போனவர் உச்சிப்பொழுதாகியும் வரவில்லை. அடுப்படியில் இருந்த மருதாயி எட்டிப் பார்த்தாள். மடத்துக்குச் சமைக்கிறவள் அவள். நாச்சியப்பன் முட்டளவு சேற்றில் நின்று ஒவ்வொரு துண்டாக எடுத்து, கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குப்பை பொறுக்கச் சொன்னா பொண்ணு பார்க்கறாரு செட்டியாரு" என்றாள் மருதாயி.

கடைசியில் ஒரு துண்டோடு வந்தார். வெயில்பட்டு வெளிறிய துண்டு. ஆனால் "உமையாள்" என்று முழுப் பெயரும் இருந்தது.

அம்மா வாங்கிக்கொண்டார்.

மடத்துக்கு வருமுன் அவர் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். பாதயாத்திரையாக வந்தவர் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார், எழுந்து போகவே இல்லை என்று சொல்வார்கள்.

ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொதிநீரில் கழுவினார். குளத்துச் சேற்றை எடுத்துத் திரும்பத் திரும்ப அலசி, அந்தக் கலங்கலில் ஒரு கரண்டி விட்டார். காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டார். ஏதோ உப்பு இரண்டு மூன்று சிட்டிகை போட்டார். அதற்குள் அந்தத் துண்டை இறக்கினார். வாயைப் பஞ்சால் அடைத்தார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"வயிறு இருக்கு."

"வயிறா?"

"கண்ணுக்குத் தெரியாத வயிறு. வாய் கிடையாது, கை கால் கிடையாது. எதுமேலயாவது போய் ஒட்டிக்கும். எச்சில் விடும். எச்சில்ல கரைஞ்சதை உறிஞ்சிக்கும்."

"பிளாஸ்டிக்கைத் தின்னுமா?"

"எல்லாம் தின்னாது. ஏதோ சிலது. அதுவும் வெயில்ல காஞ்சு நொந்த பிளாஸ்டிக்கா இருக்கணும். அதுவும் வேற வழியே இல்லைன்னாத்தான்."

"உப்பு போட்டீங்களே?"

"உப்பு சாப்பாடு இல்லை ஐயா."

குடுவையை அடுப்படி ஜன்னலில் வைத்தார்.

"இனி இதுக்குள்ள எதையும் போடாதீங்க."

எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்பதற்குள் அம்மா பந்திக்கு இலை போடப் போய்விட்டார்.

*

மடத்தில் ஒரு முறை உண்டு. அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் அகப்பைக் கஞ்சி மனிதருக்கு இல்லை. கேட்கத் தெரியாத சீவனுக்கு என்று சொல்லி வாசல் கல்லில் ஊற்றுவார்கள். காக்கை வரட்டும், எறும்பு வரட்டும். அதற்குப் பிறகுதான் பந்தி.

அந்த முதல் அகப்பை நாச்சியப்பனிடம் வந்து சேர்ந்தது. வயதானவர், பக்தியாகச் செய்கிறார் என்று மருதாயியே விட்டுக்கொடுத்தாள்.

அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போகிற வழியில் அந்த ஜன்னல்.

முதலில் சும்மா பார்த்துவிட்டுப் போனார். பிறகு நின்று பார்த்தார். பிறகு அவருக்குள் ஒரு நினைப்பு வந்தது. உள்ளே வயிறு இருக்கிறது என்று அம்மாவே சொன்னார். கஞ்சி வாசனை அதற்கும் போகுமே. அதற்கும் கேட்கத் தெரியாதே.

அன்றைக்குப் பஞ்சை எடுத்தார். கஞ்சித் தெளிவில் ஒரு சொட்டு விட்டார்.

ஒரு சொட்டுதானே.

மறுநாளும் ஒரு சொட்டுதானே. கொஞ்ச நாளில் அது ஒரு கரண்டியானது. "சாப்பிடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார்.

குடுவை கலங்கியது. நுரை கட்டியது. பஞ்சை எடுத்தால் புளித்த கள் வாடை வந்தது. நாச்சியப்பனுக்கு சந்தோஷம். பெருகுகிறது, பெருகுகிறது என்று மருதாயியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மருதாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரியே இருக்கு செட்டியாரே. உட்கார்ந்த இடத்துல தின்னு தின்னு ஊதிப்போய்க் கிடக்கு. வேலை ஒண்ணும் நடந்த மாதிரி தெரியலையே."

அம்மாவும் ஒருநாள் ஜன்னலருகே நின்றார். முகர்ந்தார். பந்திக்கு இலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

அடுத்த தை வந்தது. கூட்டம் வருமுன் ஒரு காலைப்பொழுதில் அம்மா குடுவையைத் தட்டையான ஒரு கல்லின் மேல் வைத்தார். நாச்சியப்பன் எதிரில் உட்கார்ந்தார்.

இடுக்கியால் துண்டை எடுத்தார் அம்மா. அதன்மேல் பாசிபோல் வழவழப்பாக ஏதோ படிந்திருந்தது. நாச்சியப்பன் கையிலேயே கொடுத்து, கழுவச் சொன்னார்.

கழுவினார். வழவழப்பு போனது.

துண்டு அப்படியே இருந்தது. ஓரம் தேயவில்லை. ஒரு கீறல் இல்லை. நீல எழுத்து, குளித்துவிட்டு வந்தது போல் பளிச்சென்று இருந்தது. உமையாள்.

நாச்சியப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. ஒரு வருஷம் வீணாய்ப் போயிற்றே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பூமியில் இதைத் தின்ன ஒரு சீவன்கூட இல்லையா என்று கேட்டார்.

அம்மா எழுந்து உள்ளே போனார். வரும்போது ஒரு கிண்ணம் கஞ்சியும், ஒரு தட்டில் வறுத்த புளியங்கொட்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க ஐயா. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை."

அழுதுகொண்டே கஞ்சியைக் குடித்தார்.

"புளியங்கொட்டையைத் தொடவே இல்லையே?"

"எதுக்கும்மா இது?"

"பஞ்ச காலத்துல ஊரே இதைத்தான் ஊறவெச்சு, வேகவெச்சுத் தின்னதுன்னு சொல்லுவாங்க."

"அது பஞ்சத்துக்கு. இப்போ பல்லை உடைச்சுக்கணுமா? அதான் கஞ்சி இருக்கே..."

சொன்னவர் அப்படியே நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார்.

மெதுவாகச் சொன்னார். "முதல் அகப்பை கேட்கத் தெரியாத சீவனுக்குன்னு மடத்து முறைதானேம்மா. நான் முறையைத்தானே செஞ்சேன்."

"முறைதான். தப்பு சொல்லலை."

"அதுங்க பட்டினி கிடக்கறதை எப்படிப் பார்த்துட்டுப் போறது?"

"கஷ்டம்தான்."

அம்மா புளியங்கொட்டைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"கஞ்சி அந்தச் சீவனுக்கு ஊத்தினீங்க. சரி. கழுவினதும் கண்ணுல ஒத்திக்கிட்டீங்களே ஐயா. அது யாருக்கு?"

நாச்சியப்பன் துண்டை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

வாசலில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. அன்றைக்கு முதல் அகப்பை இன்னும் போகவில்லை.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பூஜை அறையில வெச்சுக்கலாம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க. இல்லை, திரும்ப உள்ள போடலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் அம்மா.

*

அன்று முழுக்க அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டே திரிந்தார். மருதாயிகூட அவரைச் சீண்டவில்லை.

சாயங்காலம் குளக்கரையில் போய் உட்கார்ந்தார். உமையாளோடு பேசுவது போல் உதடு அசைந்துகொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எதிர்க்கரையில் எருமைகள் தண்ணீர் குடித்தன. ஒரு கொக்கு சேற்றைக் கொத்தி, எதையோ விழுங்கியது. அது மீனா, தான் போட்ட பாக்கெட்டுத் துண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அவரை எழுப்பியது.

வந்து சொன்னார். "உள்ளயே போட்டுருங்கம்மா."

புதுக் குடுவை. புதுக் கலங்கல். அதே துண்டு.

"ஜன்னல்ல வைக்காதீங்க. கை போயிரும்" என்றார் நாச்சியப்பன்.

அம்மா அதே ஜன்னலில்தான் வைத்தார்.

*

பட்டினி போடுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு அது தெரியாமல் இருக்காது. குருவம்மாள் அக்கா இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டு என் காலைத் தடவினார்.

நாச்சியப்பன் முதல் அகப்பையோடு அந்த ஜன்னலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். சில நாள் திருப்ப முடியாமல் நின்றுவிடுவார். கஞ்சி ஆறிப்போகும். அம்மாவிடம் ஓடிவந்து, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்பார். அம்மா அவரைப் பார்ப்பார். அவர் திரும்பிப் போய்விடுவார்.

குடுவை தெளிந்தே இருந்தது. நுரை இல்லை. வாடை இல்லை. உள்ளே ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. கொன்றுவிட்டேனோ என்று ஒருநாள் கேட்டார்.

"பொறுங்க" என்றார் அம்மா.

அந்தத் தையில் பாதயாத்திரைக் கூட்டம் வந்தபோது, நாச்சியப்பன் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கச் சொன்னார். டம்ளர்களையும் இறக்கச் சொன்னார். முழங்கால் மடங்கவில்லை. ஒரு பலகை போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

மோரில் பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது என்று யாரோ ஒருவர் சொன்னார். இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த டம்ளரை எடுத்தார்.

எத்தனை மழை போயிற்று, எத்தனை தை போயிற்று என்று அக்கா சொல்லவில்லை. நாச்சியப்பனுக்குக் கண்புரை வந்து, அறுவை செய்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, அதையும் கழற்றியாகிவிட்டது.

*

ஒருநாள் அம்மா தான் முன்பு வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒரு நுண்ணோக்கியை இரவல் வாங்கி வந்தார். கூடத்தில் வெளிச்சமான இடம் பார்த்து வைத்தார்.

குடுவையிலிருந்து துண்டை எடுத்தார். வெறுங்கண்ணுக்குப் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பளபளப்பு போய், பனி படிந்த மாதிரி மங்கியிருந்தது. எழுத்து இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் ஒரு துணுக்கைக் கத்தரித்து, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, கண்ணாடிச் சில்லில் வைத்தார். குனிந்து ஒரு திருகைத் திருகினார்.

"வாங்க ஐயா."

மருதாயி ஈரக்கையோடு வந்து நின்றாள். "பார்த்துச் சொல்லுங்க செட்டியாரே, மாப்பிள்ளை வேலைக்குப் போறாரா?"

நாச்சியப்பன் குனிந்தார். முதலில் தன் இமை முடிதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு ஒரு நிலம்.

மேடும் பள்ளமுமாக, உழுது போட்ட மாதிரி. ஆடு கடித்த இலை மாதிரி அங்கங்கே குழி. குழிகளின் ஓரத்தில் குருணை அரிசியைச் சிந்தினது போல் பொடிசு பொடிசாக ஏதோ. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக.

"எவ்வளவும்மா குறைஞ்சிருக்கு?"

"கொசு றெக்கை எடைகூட இருக்காது."

"குளம் முழுக்கத் தீர?"

"தெரியாது ஐயா. தீருமான்னும் தெரியாது."

அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எழுத்து எங்கம்மா?"

"நீங்க இப்போ நிக்கிறதே 'யா' மேலதான்."

நாச்சியப்பன் வெகு நேரம் குனிந்தபடியே இருந்தார். முதுகு வலித்திருக்கும். மருதாயி பொறுமை இல்லாமல் என்ன தெரிகிறது, என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பந்தி" என்றார்.

"பந்தியா?"

"ம். உமையாள் பரிமாறிக்கிட்டு இருக்கா."

*

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை மூடி, எழுந்திரு, வெயில் ஏறுகிறது என்றார். நாங்கள் நடந்தோம்.

நீங்களும் எழுந்திருங்கள், உங்களுக்கும் வேலை இருக்கும். நாளைக்குக் காலையில் பால் கவரை வெட்டும்போது மட்டும், அந்த மூலைத் துண்டைத் தனியாக வெட்டி எடுத்துவிடாதீர்கள். கவரைப் பொறுக்குகிறவர்கள் அந்தத் துண்டைப் பொறுக்குவதில்லை, காற்றுதான் கூட்டிக்கொண்டு போகும். கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும்.